வயாவைச் சுற்றி எவ்வளவு ஓட்டை?

நான்கு செம்பு லேயர்கள் கொண்ட பிசிபி (மின்சுற்றுப் பலகை) ஒன்றில், ஆன்டெனாவுக்குப் போகும் கோடு மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. மேலே ஷீல்டு டப்பா வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் வேறு வழியில்லை. இறங்க ஒரு வயா, அதாவது உள்ளே செம்பு பூசிய துளை, போதும். ஆனால் அது போகிற வழியில் இரண்டாவது, மூன்றாவது லேயர்கள் இருக்கின்றன. இரண்டுமே முழுக்கக் கிரவுண்ட் பிளேன், அதாவது கிரவுண்டோடு சேர்ந்த முழுச் செம்புத் தகடு. அவற்றைத் தொடாமல் வயா கடக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் செம்பை வட்டமாக எடுத்துவிட வேண்டும். அந்த வட்ட ஓட்டைக்குத்தான் ஆன்டிபேட் என்று பெயர்.

பலகை வரையும் மென்பொருளான கிகேட்டில் பிளேனை நிரப்பினால் அதுவே ஓட்டையை விட்டுவிடும். என் வயாவில் துளை 0.3 மி.மீ., அதைச் சுற்றிய செம்பு வளையமான பேட் 0.6 மி.மீ. கிளியரன்ஸ் (பேடுக்கும் பிளேனுக்கும் நடுவில் விடும் இடைவெளி) 0.2 என்று வைத்திருந்ததால் ஆன்டிபேட் 1.0 மி.மீ. விட்டத்தில் வந்தது. எல்இடி எரிய வைக்கும் கோட்டுக்கு இது தாராளம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை கோட்டுக்குப் போதுமா? ஓட்டை சின்னதாக இருந்தால் வயாவுக்கும் பிளேன் விளிம்புக்கும் நடுவில் நாம் கேட்காத ஒரு கெபாசிட்டர் முளைத்துவிடும். சிக்னலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். பெரிதாக வெட்டித் தள்ளினால், கோட்டுக்கு அடியில் கிரவுண்ட் இல்லாத ஒரு துண்டு உருவாகி அது இண்டக்டர் மாதிரி நடந்துகொள்ளும். நடுவில் எங்கோ ஒரு நல்ல அளவு இருக்கிறது.

முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வயாவை ஒரு கோஆக்சியல் கேபிளின் உள்கம்பி என்றும் ஆன்டிபேட் விளிம்பை அதன் வெளிச்சுற்று என்றும் வைத்துக்கொண்டால், 60-ஐ டைஎலக்ட்ரிக் மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுத்து, வெளி விட்டத்துக்கும் உள் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் இம்பீடன்ஸ் (அலைக்கு அந்தப் பாதை காட்டும் எதிர்ப்பு) கிடைக்கும். பலகையின் பொருளான எஃப்ஆர்-4-க்கு 4.4 என்று எடுத்தால், 0.3 வயாவுக்கு 1.0 ஓட்டை கொடுப்பது சுமார் 34 ஓம். கோட்டைப் போலவே 50 ஓம் வேண்டுமென்றால் 1.7 மி.மீ.க்கு மேல் வெட்டச் சொல்கிறது. இதை அப்படியே நம்பவும் முடியாது. கோஆக்சில் வெளிச்சுற்று முழு நீளத்துக்கும் இருக்கும். இங்கே 1.6 மி.மீ. பலகையில் இரண்டே இரண்டு மெல்லிய செம்புத் தகடுகள்; நடுவில் ஒரு மி.மீ.க்கும் அதிகமான கோர் (நடு மின்காப்பு அடுக்கு) வெறுமனே கிடக்கிறது. உண்மையான விடை 1.0-க்கும் 1.7-க்கும் இடையில் இருக்கும் என்பதுவரைதான் காகிதம் சொன்னது. சரி, சிமுலேட் பண்ணிவிடலாம் என்று ஓப்பன்இஎம்எஸ்ஸைத் திறந்தேன். எஃப்டிடிடி என்ற முறையில் மின்காந்த அலைகளைக் கணக்கிடும் இலவச மென்பொருள். மாதிரியைப் பைத்தானில் எழுதிக் கொடுத்தால், இடத்தைச் செவ்வகக் கட்டங்களாகப் பிரித்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் காலப்படி ஒவ்வொன்றாக நகர்த்திக் கணக்கிடும்.

சோதனைக்கென்று தனியாக 40-க்கு 25 மி.மீ. அளவில் ஒரு சின்னப் பலகை வரைந்தேன். இடது ஓரத்திலிருந்து மேல் லேயரில் 0.38 மி.மீ. அகலக் கோடு, நடுவில் வயா, அங்கிருந்து கீழ் லேயரில் அதே அகலக் கோடு வலது ஓரம் வரை. வயாவைச் சுற்றி மூலைவிட்டத் திசைகளில், 1.3 மி.மீ. தள்ளி, நான்கு கிரவுண்ட் வயாக்கள். வெளி லேயருக்கும் பிளேனுக்கும் இடையே 0.21 மி.மீ. பிரிப்ரெக் (வெளி மின்காப்பு அடுக்கு).

வடிவங்களைக் கையால் எண் எண்ணாகத் தட்ட விருப்பமில்லை. கிகேட்டின் பைத்தான் வழி பலகைக் கோப்பைத் திறந்து, நிரப்பிய பிளேனின் பலகோணத்தை எடுத்து, அப்படியே சிமுலேட்டரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் முதல் பாடம். கிகேட் தரும் நிரப்பல் பலகோணத்தில் ஓட்டை என்று தனியாக எதுவும் இல்லை. வெளிவிளிம்பிலிருந்து அகலமே இல்லாத ஒரு கீறல் உள்ளே போகும், ஓட்டையை ஒரு சுற்று சுற்றும், அதே கீறல் வழியே திரும்பும். ஒரே கோட்டில் முடித்துவிடுகிற உத்தி. படமாக வரைய இது போதும். வடிவக் கணக்குக்கான ஷேப்லி என்ற பைத்தான் நூலகத்துக்குக் கொடுத்தால் ‘செல்லாத பலகோணம்’ என்று முகம் சுளிக்கும். பூஜ்ஜிய அளவு பஃபர் கொடுத்து எடுத்தால் வெளிவளையம், உள்வளையங்கள் என்று ஒழுங்காகப் பிரிந்து வரும். ஆனால் பிரித்து என்ன பயன்? ஓப்பன்இஎம்எஸ்ஸின் பலகோணத்துக்கு வெளிவளையம் மட்டும்தான் உண்டு. உள்வளையம் கொடுக்க இடமே இல்லை. பிரித்ததை மறுபடி கீறல் போட்டு ஒட்ட வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று: கிகேட்டில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும், சிமுலேட்டரில் மேல்நோக்கி. என் பலகை மேலும் கீழும் சமச்சீராக இருந்ததால் இந்தத் தவறு இரண்டு நாள் கண்ணில் படவே இல்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் பலகோணமே தேவையில்லை. பிளேன் என்பது ஒரு செவ்வகம். ஓட்டைகள் எங்கே, எவ்வளவு விட்டம் என்பது மட்டும் தெரிந்தால் போதும். வயாக்களின் மையமும் துளை அளவும் கிகேட்டிலிருந்தே கிடைக்கின்றன. விட்டத்தை நான் மாற்றி மாற்றிப் பார்க்கப் போகிறவன்; ஒவ்வொரு தடவையும் கிகேட்டுக்குப் போய்ப் பிளேனை நிரப்பிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ஆனால் செவ்வகத்தில் ஓட்டை போடுவது எப்படி? ஓப்பன்இஎம்எஸ்ஸில் ‘கழித்தல்’ என்று நேரடியாக ஒரு வேலை இல்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் மட்டும் உண்டு. ஒரே இடத்தை இரண்டு வடிவங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் பெரிய எண் உள்ளதுதான் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர். ஆக, இல்லாத ஒன்றை உண்டாக்க, இருக்கிற ஒன்றை அதன்மேல் வைக்க வேண்டும். செம்பு பிளேன்மேல் அதைவிடப் பெரிய எண்ணோடு எஃப்ஆர்-4-ஆல் ஆன ஓர் உருளையை வைத்தால், அந்த வட்டத்துக்குள் செம்பு செம்பாக எண்ணப்படாது. ஓட்டை தயார்.

பிளேன்களைத் தடிமன் இல்லாத தகடாக வைத்தேன். உள் லேயர் செம்பு 15 மைக்ரான் சுமார்தான். அதை நிஜத் தடிமனோடு வைத்தால் கட்டமும் 15 மைக்ரானுக்குச் சுருங்கும், காலப்படியும் கூடவே சுருங்கும். என் கணக்கில் அது 0.096 பிகோ வினாடியிலிருந்து 0.046 ஆகிவிடும், ஓட்டம் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை. தடிமன் இல்லாத தகட்டில் ஒரே ஒரு நிபந்தனை: அது இருக்கும் உயரத்தில் கட்டக் கோடு ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் தள்ளியிருந்தாலும் தகடு மாயமாகிவிடும். ‘பயன்படாத வடிவம்’ என்று ஒரு எச்சரிக்கை வரி ஓடி மறையும். அந்த வரியைப் படிக்காமல் விட்டு நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன்.

வெட்டும் உருளைக்குக் கொஞ்சம் உயரம் வேண்டுமே என்று பிளேனுக்கு மேலே 0.03, கீழே 0.03 மி.மீ. கொடுத்தேன். இந்த 0.03 பிற்பாடு திரும்ப வரும்.

முதல் ஓட்டம். எஸ்11, அதாவது அனுப்பிய சிக்னலில் எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு, முழுக்க பூஜ்ஜிய டெசிபல் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. போன சிக்னல் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. வயா கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். மாதிரியைப் பார்க்கும் ஜன்னலில் உருளை அழகாக அதன் இடத்தில் தெரிந்தது. அந்த ஜன்னலை நம்பக் கூடாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அது நாம் கொடுத்த வடிவங்களை மட்டும் வரைந்து காட்டுகிறது. யார் யாரை விழுங்கினார்கள் என்பதைக் காட்டுவதில்லை. ஓட்டை சரியாக விழுந்திருந்தாலும் விழாவிட்டாலும் அங்கே ஒரே படம்தான்.

நிஜத்தைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. ஓட்டத்தைத் தொடங்கும்போது பிழைதேடும் தேர்வு ஒன்றைச் சேர்த்தால், எந்தெந்தக் கட்ட விளிம்புகள் உலோகமாக முடிவாகின என்பதைத் தனிக் கோப்பாக எழுதித் தரும். அதைப் பாராவியூ என்ற படம் காட்டும் மென்பொருளில் திறந்தால் கட்டம் கட்டமாக, படிக்கட்டு விளிம்போடு, சிமுலேட்டர் கண்ணுக்குத் தெரியும் செம்பு மட்டும் தெரியும். பார்த்தேன். பிளேனில் ஓட்டையே இல்லை. எழுதிய வரிகளுக்குப் போனால், பிளேனுக்கும் வெட்டும் உருளைக்கும் ஒரே முன்னுரிமை எண். இரண்டும் 10. வரியை நகல் எடுத்து ஒட்டியதன் பலன். எண் சமமாக இருந்தால் யார் ஜெயிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. இனி பிளேன் 10, ஓட்டை 20 என்று திருத்தினேன். ஓட்டை வந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் எஸ்11 நம்பும்படியாக வந்தது. கட்டம் கொஞ்சம் முரடு: பிரிப்ரெக்கின் 0.21 மி.மீ. உயரத்துக்கு இரண்டே கட்டங்கள். பிளேனுக்கும் வயா பேடுக்கும் நடுவில் உள்ள 0.2 மி.மீ. இடைவெளியிலும் இரண்டே கட்டங்கள்தான். மின்புலம் மிக நெருக்கமாக இருக்கிற இடம் அது. அங்கே இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு கெபாசிட்டன்ஸ் கணக்குப் போடுவது அரிசியை உலக்கையால் எண்ணுவது மாதிரி. நான்கு கட்டங்களாவது வேண்டும் என்று எல்லாத் திசையிலும் 0.05 மி.மீ. அளவுக்கு நெருக்கினேன். விடை கொஞ்சம் நகரும், ஒருவேளை இரண்டு டெசிபல் மாறும் என்று எதிர்பார்த்துக் காபி போடப் போனேன்.

திரும்பி வந்தால் எஸ்21, அதாவது மறுமுனைக்குக் கடந்து போகும் சிக்னலின் அளவு, 1 ஜிகாஹெர்ட்ஸில் கழித்தல் 40 டெசிபலுக்கும் கீழே. முரட்டுக் கட்டத்தில் ஒழுங்காக ஓடிய என் மாதிரிப் பலகை, நுணுக்கியதும் செத்துவிட்டது. எனக்குத் தெரிந்தவரை கட்டத்தை நெருக்கினால் விடை நிஜத்தை நோக்கி நகர வேண்டும், நிஜத்தை விட்டு ஓடக் கூடாது. மறுபடி ஷார்ட்டா என்று பார்த்தேன். இது அந்த ஷார்ட் மாதிரி தெரியவில்லை. இந்தக் கோடு அதிர்வெண் பத்து மடங்கானால் 20 டெசிபல் ஏறுகிற சாய்வில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. தொடரில் ஒரு சின்னக் கெபாசிட்டர் வைத்தால் வரும் கோடு அது. ஆக, வயா கிரவுண்டோடு ஒட்டவில்லை, நடுவில் அறுந்திருக்கிறது!

பாராவியூவில் திறந்தேன். வயாவின் உருளை இரண்டு இடங்களில் துண்டாகி நின்றது. ஒவ்வொரு பிளேன் உயரத்திலும் மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் காணோம். பென்சிலை மூன்றாக ஒடித்து, இடைவெளி விட்டு நிற்க வைத்த மாதிரி.

காரணம் அந்த 0.03. வயாவின் செம்பு உருளைக்கு நான் கொடுத்திருந்த எண் 15. பிளேனைவிடப் பெரிது, அதனால் ஜெயிக்கும் என்று நினைத்து வைத்தது. ஓட்டையின் எண்ணை 20 ஆக்கியபோது வயாவின் எண்ணைத் தொட மறந்துவிட்டேன். எனவே வெட்டும் உருளை பிளேனை மட்டும் வெட்டாமல், நடுவில் போகும் வயாவையும் சேர்த்து வெட்டியது. சரி, அப்படியானால் முரட்டுக் கட்டத்தில் ஏன் அறுபடவில்லை? இது எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போன இடம். ஒரு கட்ட விளிம்பு உலோகமா இல்லையா என்பதை ஓப்பன்இஎம்எஸ் அந்த விளிம்பின் நடுப்புள்ளியைப் பார்த்து முடிவு செய்கிறது. முரட்டுக் கட்டத்தில் பிளேனை ஒட்டிய செங்குத்து விளிம்பு 0.105 மி.மீ. நீளம், அதன் நடுப்புள்ளி பிளேனிலிருந்து 0.052 தொலைவில் இருக்கிறது. வெட்டும் உருளை 0.03 வரைதான் எட்டும். அதனால் வயா தப்பித்தது. கட்டத்தைப் பாதியாக்கியதும் நடுப்புள்ளி 0.026-க்கு வந்துவிட்டது. 0.03-க்குள் மாட்டிக்கொண்டது. தவறு முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது; முரட்டுக் கட்டம் அதன்மேல் துணி போட்டு மூடியிருந்தது.

அதன்பின் எண்களை ஒரே இடத்தில் வரிசையாக எழுதிவைத்தேன்: அடிப்படைப் பொருள் 0, பிளேன் 10, ஓட்டை 20, வயாவும் அதன் பேடுகளும் 30. வேறு எங்கும் எண்ணை நேரடியாகத் தட்டுவதில்லை.

ஓட்டையை எதனால் நிரப்புவது என்பதிலும் ஒரு தடவை வழுக்கினேன். ‘ஓட்டை’ என்றதும் கை தானாகக் காற்று என்று எழுதிவிட்டது. பலகையில் அங்கே காற்று இருக்காது. அடுக்குகளைச் சூடாக்கி அழுத்தும்போது பிரிப்ரெக்கின் ரெசின் உருகி அந்தக் குழியை நிரப்பிவிடும். கண்ணாடி இழை அங்கே வராது, ரெசின் மட்டும்தான் போகும். அதனால் நுணுக்கமாகப் பார்த்தால் அங்கே மாறிலி 4.4-ஐவிடக் கொஞ்சம் குறைவு. 15 மைக்ரான் தகட்டுக்கு அதையெல்லாம் பார்க்கத் தேவையில்லை, பிரிப்ரெக்கின் மாறிலியையே வைத்தேன். காற்றை வைத்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். ஏனென்றால் என் வெட்டும் உருளை 15 மைக்ரான் இல்லை, 0.06 மி.மீ. உயரம். அவ்வளவு உயரத்துக்குக் காற்றுப் பணியாரம் ஒன்றை வயாவைச் சுற்றி வைத்துவிட்டு, ‘அட, கெபாசிட்டன்ஸ் குறைந்துவிட்டதே’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வில்லங்கம் கிரவுண்ட் வயாக்களில். மேல் கோட்டின் திரும்பு மின்னோட்டம் இரண்டாவது லேயரில் ஓடுகிறது. கோடு கீழே இறங்கியதும் அது மூன்றாவது லேயருக்கு மாற வேண்டும். அதற்குப் பாலமாகத்தான் அந்த நான்கு கிரவுண்ட் வயாக்களை வைத்தேன். சிமுலேஷன் ஒழுங்காக ஓடியது, ஆனால் வழக்கமான கால் மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் ஆகியும் உள்ளே ஆற்றல் தணியவில்லை. முடிந்த பிறகு எஸ்21-இல் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அருகில் ஆழமாக ஒரு பள்ளம்.

3.5 என்ற எண்ணைப் பார்த்ததும் பலகையின் நீளத்தைக் கணக்குப் போட்டேன். இரண்டு பிளேன்களும் அவற்றின் இடையில் உள்ள கோரும் சேர்ந்து ஒரு தட்டையான பெட்டி. 40 மி.மீ. நீளத்தில் அரை அலை அடங்கும் அதிர்வெண் 1.79 ஜிகாஹெர்ட்ஸ், முழு அலை அடங்குவது 3.57. என் வயா சரியாக நடுவில் இருக்கிறது. அரை அலைக்கு நடுப்புள்ளியில் மின்புலம் பூஜ்ஜியம், அதனால் அதை வயாவால் கிளப்ப முடியாது. முழு அலைக்கு அதே இடத்தில் உச்சம். கணக்கு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆக, பிளேன்களுக்கு நடுவில் பாலமே இல்லாத மாதிரி சிக்னல் அந்தப் பெட்டிக்குள் கசிந்து எதிரொலிக்கிறது. பாலம்தான் இருக்கிறதே? இல்லை. என் நிரல் பலகையில் உள்ள எல்லா வயாவுக்கும் ஓட்டை போட்டிருந்தது, கிரவுண்ட் வயா உட்பட. நான்கும் இரண்டு பிளேன்களையும் தொடாமல் அந்தரத்தில் நின்றன. வயாவின் நெட் (மின் இணைப்பு) பெயரும் பிளேனின் நெட் பெயரும் வேறாக இருந்தால் மட்டும் வெட்டு என்று ஒரு வரி சேர்த்ததும் பள்ளம் காணாமல் போனது, ஓட்டமும் பழையபடி கால் மணி நேரத்துக்கு வந்தது. எஃப்ஆர்-4-க்கு இழப்பு எதுவும் கொடுக்காமல் விட்டிருந்ததால்தான் அந்த எதிரொலி அவ்வளவு நேரம் நீடித்தது. லாஸ் டேன்ஜென்ட் 0.02 என்று அப்போதே சேர்த்துவிட்டேன்.

கட்டக் கோடுகளைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஒவ்வொரு வயாவின் மையத்திலும் விளிம்பிலும் கோடு வைத்தால், சில வயாக்கள் மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கிலும் சில மி.மீ. கணக்கிலும் வைக்கப்பட்டிருக்கும்போது 20.30-இல் ஒரு கோடு, 20.32-இல் ஒரு கோடு என்று வந்து நிற்கும். அந்த 0.02 மி.மீ. சந்து ஒன்றே மொத்த ஓட்டத்தின் காலப்படியையும் இழுத்துப் பிடித்துவிடும். 0.04-ஐவிட நெருக்கமான கோடுகளை ஒன்றாகச் சேர்த்துவிடும்படி எழுதிக்கொண்டேன். தகடு இருக்கும் உயரக் கோடுகளை மட்டும் தொடாதே என்று விலக்கு.

இத்தனைக்கும் பிறகுதான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன். 5 ஜிகாஹெர்ட்ஸில் எஸ்11: உள் லேயர்களிலும் பேடை வைத்துக்கொண்டு 1.0 மி.மீ. ஓட்டை என்றால் கழித்தல் 16 டெசிபல். அதே ஓட்டையில் உள் லேயர் பேடுகளை மட்டும் எடுத்துவிட்டால் கழித்தல் 20. எந்தக் கோடும் சேராத லேயரில் அந்தப் பேடுக்கு வேலையே இல்லை, வெறும் கெபாசிட்டர் தகடு. பேடு இல்லாமல் 1.4 மி.மீ. ஓட்டை என்றால் கழித்தல் 27. இன்னும் பெரிதாக 1.8 போனால் மறுபடி மோசமாகி கழித்தல் 23. மேல் கோடு வயாவை நெருங்கும்போது அடியில் கிரவுண்ட் இல்லாமல் ஓடும் தூரம் நீண்டுவிடுகிறது. 1.4 என்று முடிவு செய்தேன். காகிதக் கணக்கு சொன்ன 1.7 எங்கே, இது எங்கே.

இந்த 1.4-ஐ எல்லா வயாவுக்கும் பொது விதியாக வைத்துவிடாதீர்கள். 1.27 மி.மீ. இடைவெளியில் பின்கள் வரிசையாக உள்ள ஒரு கனெக்டருக்கு 1.4 மி.மீ. ஓட்டைகள் கொடுத்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பிளேனை நீளவாக்கில் கிழித்துவிடும். அந்தக் கிழிசலுக்குக் குறுக்கே போகும் ஒவ்வொரு கோட்டின் திரும்பு மின்னோட்டமும் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

பிசிபியில் இதைச் செய்யப் போனபோது கிகேட் ஒரு வேடிக்கை காட்டியது. வயாவின் பண்புகளில் ‘பயன்படாத பேடை நீக்கு’ என்று கொடுத்தேன். பேடு போனது. கூடவே பிளேனும் உள்ளே நகர்ந்து வந்துவிட்டது. பேடு இல்லாததால் பிளேன் இப்போது துளையின் விளிம்பிலிருந்து கிளியரன்ஸைக் கணக்கிடுகிறது, ஓட்டை 1.0-லிருந்து சுருங்கிவிட்டது. கெபாசிட்டரின் ஒரு தகட்டை எடுத்துவிட்டு இன்னொரு தகட்டை நெருக்கி வைத்த கதை. உறுதியான வழி, வயாவைச் சுற்றி 1.4 மி.மீ. வட்டத்தில் ஒரு ரூல் ஏரியா வரைந்து, இரண்டாவது, மூன்றாவது லேயர்களில் மட்டும் அதற்குள் பிளேன் நிரம்பக் கூடாது என்று சொல்லிவிடுவது. பிளேனை மறுபடி நிரப்பி, தொழிற்சாலைக்குப் போகும் ஜெர்பர் கோப்பைத் திறந்து, ஓட்டையின் விட்டத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

மூன்று பலகைகள் அனுப்பினேன்: வயாவே இல்லாத நேர்க்கோடு ஒன்று, பேடோடு 1.0 ஓட்டை ஒன்று, பேடு இல்லாத 1.4 ஓட்டை ஒன்று. இரண்டு ஓரத்திலும் விளிம்பில் பற்ற வைக்கும், கோஆக்சியல் கேபிள் மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டர்கள். எஸ்11, எஸ்21 ஆகியவற்றை அளக்கும், 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் லைட்விஎன்ஏ கருவி ஒன்று என்னிடம் உண்டு. வந்ததும் பற்ற வைத்து, கேலிபிரேட் செய்து, முதலில் நேர்க்கோட்டைப் பார்த்தேன். வயா இல்லாத பலகை, நல்ல பிள்ளையாக இருக்க வேண்டியது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் எஸ்11 கழித்தல் 7 வரை ஏறி நின்றது.

பற்றவைப்பு சரியில்லையோ என்று இரண்டு தடவை எடுத்துப் பற்ற வைத்தேன். மாறவில்லை. அப்புறம்தான் கனெக்டரின் நடு முள் உட்காரும் பேடைப் பார்த்தேன். 1.5 மி.மீ. அகலம், 4 மி.மீ. நீளம். அதற்கு அடியில் 0.21 மி.மீ. தூரத்தில் கிரவுண்ட் பிளேன். தட்டுக் கெபாசிட்டர் கணக்குப் போட்டால் 1.1 பிகோஃபாரட். அதே நீளத்துக்கு 50 ஓம் கோட்டில் இருப்பது சுமார் அரை பிகோஃபாரட்தான். 0.3 மி.மீ. வயாவைச் சுற்றி மைக்ரான் மைக்ரானாக ஓட்டையைச் செதுக்கிவிட்டு, பலகையின் இரண்டு வாசலிலும் அரை பிகோஃபாரட்டுக்கு மேல் மூட்டை போட்டு வைத்திருக்கிறேன். என் சிமுலேஷனில் கனெக்டரே இல்லை; போர்ட் (சிக்னல் உள்ளே நுழையும் இடம்) நேராகக் கோட்டின் நுனியில் தொடங்கியது. அதனால் அது எதையும் சொல்லவில்லை.

எஸ்21-ஐ வைத்து எதுவும் பிரித்தறிய முடியாது. கழித்தல் 16 டெசிபல் எதிரொலி என்பது கடந்து போவதில் 0.1 டெசிபல் இழப்புதான். எஸ்11-ஐ நேர அச்சுக்கு மாற்றி, வயா இருக்கும் இடத்தை மட்டும் பார்த்தேன். 6 ஜிகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கொண்டு பலகையில் சுமார் 14 மி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு எதிரொலிகளைத்தான் பிரிக்க முடியும். வயா இரண்டு ஓரத்திலிருந்தும் 20 மி.மீ.; மயிரிழையில் பிழைத்தது. 1.0 ஓட்டைப் பலகையில் நடுவில் ஒரு பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. 1.4 பலகையில் அது கனெக்டர் எதிரொலியின் வால் பகுதியில் கரைந்துவிட்டது. எது நல்லது என்று சொல்ல இது போதும்; கழித்தல் 27 என்ற எண் சரியா என்று சொல்ல இது போதாது.

இப்போது அடுத்த பலகைக்கான கோப்பு திறந்திருக்கிறது. எஸ்எம்ஏ பேடுக்கு அடியில் இரண்டாவது லேயரில் செவ்வகமாக ஒரு ரூல் ஏரியா போட்டாகிவிட்டது. அங்கே மூன்றாவது லேயர்தான் இனி கிரவுண்ட். பக்கத்தில் உள்ள கனெக்டரின் கிரவுண்ட் பேடுகளும் சேர்ந்து 50 ஓமுக்கு அருகே கொண்டுவந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். இந்தத் தடவை கனெக்டரின் நடு முள்ளையும் மாதிரியில் சேர்த்து ஓடவிட்டிருக்கிறேன். முன்னுரிமை எண் 30.